ஸ்டாட்டிக்ஸ் டிஸ்கஷன் வகுப்பு: காலை எட்டு மணி செக்‌ஷனையே எடுங்கள்

அமெரிக்காவில் இன்ஜினியரிங் சேரும் நம் பிள்ளைகள் ஸ்டாட்டிக்ஸ் (அசையாமல் நிற்கும் பொருள்கள் மேல் உள்ள விசைகளைப் பற்றிய பாடம்) பதிவு செய்யும்போது கேட்கிற கேள்வி இது: "லெக்சர் போதாதா, டிஸ்கஷனுக்கும் போகணுமா?" என்னைப் போல எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் துணைக்குக் கொடுப்பது) வந்து, வீட்டுக்குள்ளேயே இருக்கப் பிடிக்காமல் மறுபடி படிக்கக் கிளம்பிய பெண்களும் இதையேதான் கேட்கிறார்கள். மதிப்பெண்ணில் அதன் பங்கு சொற்பம். எங்கள் சிலபஸில் ஐந்து சதவீதம்தான். போகாமலே ஏ கிரேடு வாங்கிய சீனியர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். இரண்டில் ஒன்றை விட்டே ஆகவேண்டும் என்றால் லெக்சரை விடுங்கள். அதற்கு ரெக்கார்டிங் இருக்கிறது.

நான் ஈரோட்டில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவள். இப்போது மத்திய மேற்கில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் சிவில் படிக்கிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். பெரிய பல்கலைக்கழகங்களில் ஏற்பாடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வாரத்தில் சில நாள் பெரிய ஹாலில் லெக்சர், ஒரு நாள் சின்ன அறையில் ஐம்பது நிமிஷம் டிஸ்கஷன். இருபத்தைந்து பேர் போல இருப்போம். நடத்துவது பேராசிரியர் அல்ல, டி.ஏ. எனப்படும் முனைவர் பட்ட மாணவர். மூன்று நான்கு பேராக உட்கார வைத்து, குழுவுக்கு ஒரு ஒர்க்‌ஷீட் கொடுத்துவிடுவார்.

முதல் வகுப்பில் பெயர், ஊர், மேஜர் என்று சுற்றி வருவார்கள். அது சீக்கிரம் முடிந்துவிடும். என் குழுவில் இரண்டு பையன்கள், ஒரு பெண். மூவரும் பள்ளி முடித்து நேராக வந்தவர்கள். என் தம்பியைவிடச் சின்னவர்கள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லாதது ஒரு ஆறுதல்.

பிறகு கணக்கு. சாலைக்குக் குறுக்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவே கேபிளில் தொங்கும் சிக்னல் விளக்கு. இந்த ஊரில் எங்கு பார்த்தாலும் இருப்பதுதான். கேள்வியில் எண் எதுவும் கிடையாது. "கேபிளின் தொய்வைக் குறைத்து இன்னும் நேராக இழுத்துக் கட்டினால், அதில் உள்ள இழுவிசை கூடுமா, குறையுமா, மாறாதா? கணக்குப் போடாமல் கை தூக்குங்கள்." பாதி வகுப்பு மாறாது என்றது, விளக்கின் எடை அதேதானே என்று. நான் கூடும் என்று கை தூக்கி, ஈரத் துணியைக் காயப்போடும் கொடியைச் சொன்னேன். முறுக்கிக் கட்டிய கொடிதான் முதலில் அறும். குழுவுக்கு அது ஏறவில்லை. மூன்று பேர் வீட்டிலும் டிரையர். ஆனால் ஒரு பையனுக்கு ஹேமக் பைத்தியம். கேம்பஸில் இரண்டு மரம் கிடைத்தால் போதும், துணித் தொட்டிலைக் கட்டி விழுந்துவிடுவான். கிடைமட்டத்திலிருந்து முப்பது டிகிரி சாய்வில் பட்டையைக் கட்டச் சொல்வார்கள், அதைவிட நேராக இழுத்தால் பட்டை தாங்காது என்றான். ஏன் முப்பது என்று அவனுக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் டி.ஏ. கணக்குப் போட விட்டார். நடுவில் தொங்கும் எடைக்கு, ஒவ்வொரு பக்க இழுவிசையும் எடையை இரண்டு சைன் தீட்டாவால் வகுத்தது. தீட்டா என்பது கேபிள் கிடைமட்டத்தோடு செய்யும் கோணம். முப்பது டிகிரியில் இழுவிசை எடைக்குச் சமம். பத்து டிகிரியில் எடையைப்போல ஏறக்குறைய 2.9 மடங்கு. ஐந்தில் 5.7 மடங்கு. ஒரு டிகிரியில் 28 மடங்குக்கும் மேல். முழுக்க நேராக்கவே முடியாது, சூத்திரம் முடிவிலிக்குப் போய்விடும். பையன் தன் ஹேமக்கைப் பற்றிப் புதிதாகக் கவலைப்பட ஆரம்பித்தான்.

இதே சூத்திரத்தை நான் டியூஷனில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் எழுதுவதற்கு முன்னால் கை தூக்கச் சொன்னதில்லை, யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை. வகுப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது: முதலில் யூகத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அடுத்து படம், கணக்கு கடைசியில்.

படம் என்றால் எஃப்.பி.டி., அதாவது ஃப்ரீ பாடி டயகிராம். நம் பிளஸ் ஒன் புத்தகத்தில் தனித்த பொருளின் விசைப்படம் என்று வருமே, அதுவேதான். நம் பக்கம் அது இரண்டு மார்க் சடங்கு. இங்கே எங்கள் டி.ஏ. அதில் பிடிவாதக்காரர். பொருளை அதன் சுற்றத்திலிருந்து முழுக்கப் பிய்த்து எடுத்துத் தனியாக வரைந்திருக்க வேண்டும். எங்கெல்லாம் பிய்த்தோமோ அங்கெல்லாம் விசை போட்டிருக்க வேண்டும். உருளை மேல் நிற்கும் ரோலர் தாங்கி என்றால் ஒன்று, ஆணியில் மாட்டிய பின் தாங்கி என்றால் இரண்டு, சுவரில் பதித்தது என்றால் இரண்டு விசையோடு ஒரு மொமென்ட் (சுழற்றும் விளைவு). உத்தரத்தையும் சுவரையும் சேர்த்து வரைந்துவிட்டு மேலே அம்பு போட்டால், "இது எஃப்.பி.டி. இல்லை, போட்டோ" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். படத்துக்கு அவர் தலையாட்டும் வரை கால்குலேட்டரைத் தொடக் கூடாது. முதலில் எரிச்சலாக இருக்கும். ஒரு மாதம் பொறுங்கள்.

நம்மிடம் லாமி தேற்றம் என்று ஓர் ஆயுதம் இருக்கிறது. ஒரு புள்ளியில் மூன்று விசை சந்தித்துச் சமநிலையில் இருந்தால் இரண்டு வரியில் விடை. பதினேழாம் நூற்றாண்டில் பெர்னார்ட் லாமி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கொடுத்தது. நம் பள்ளிப் புத்தகத்திலும் கல்லூரியிலும் அதற்குத் தனி மரியாதை உண்டு. என் குழுவில் ஒருவரும் கேள்விப்பட்டதே இல்லை. நான் டக்கென்று விடை சொன்னதும் மூன்று பேரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். டி.ஏ. தடுக்கவில்லை, ஆனால் நான்காவதாக ஒரு விசை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அடுத்த ஒர்க்‌ஷீட்டில் நான்காவது விசை வந்தது. லாமியை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ளலாம், சாப்பாடாக வைத்துக்கொள்ள முடியாது.

அக்டோபர் வாக்கில் ஒரு தாள் வரும். எங்கள் பல்கலைக்கழகத்தில் மட்டுமல்ல, பல இடங்களிலும் இதே கதையைக் கணக்காகக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு தாளுக்காகவே செமஸ்டர் முழுக்க வரலாம்.

தாளில் இரண்டு படங்கள். இரண்டிலும் கூரையிலிருந்து இரும்புக் கம்பியில் தொங்கும் இரண்டு நடைபாலங்கள், ஒன்றன் கீழ் ஒன்று. முதல் படத்தில் ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து இறங்கி, மேல் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு கீழ் உத்தரம் வரை போகிறது. ஒவ்வொரு உத்தரத்துக்கும் அடியில் ஒரு நட்டு. இரண்டாவது படத்தில் கூரைக் கம்பி மேல் உத்தரத்தோடு முடிந்துவிடுகிறது. சற்றுத் தள்ளி அதே உத்தரத்திலிருந்து இன்னொரு கம்பி புறப்பட்டுக் கீழ் உத்தரத்தைத் தாங்குகிறது. ஒவ்வொரு தளமும் கம்பிக்குக் கொடுக்கும் பாரம் பி. மேல் உத்தரத்துக்கு அடியில் உள்ள நட்டு எவ்வளவு தாங்குகிறது?

இரண்டு படத்திலும் கூரை தாங்குவது 2பி. அதனால் முதல் பார்வையில் வித்தியாசமே தெரியாது. எங்கள் குழுவிலும் "ரெண்டும் ஒண்ணுதானே" என்றுதான் பேச்சு போனது. மேல் உத்தரத்தை மட்டும் தனியாகப் பிய்த்து வரைந்ததும்தான் கண் திறந்தது. முதல் படத்தில் கீழ்த்தளத்தின் பாரம் உத்தரத்தைத் தொடாமல் கம்பி வழியே நேராக மேலே போய்விடுகிறது. நட்டுக்கு பி மட்டும். இரண்டாவதில் கீழ்த்தளமும் இந்த உத்தரத்தையே பிடித்து இழுக்கிறது. நட்டுக்கு 2பி.

தாளைத் திருப்பினால் விவரம். கன்சாஸ் சிட்டி, ஹையாட் ரீஜென்சி ஓட்டல், 1981 ஜூலை 17. முன்கூடத்தில் நடன விழா நடந்துகொண்டிருந்தபோது நான்காம் தள நடைபாலம் இரண்டாம் தள நடைபாலத்தின் மேல் விழ, இரண்டும் சேர்ந்து கீழே இருந்த கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். காயம் பட்டவர்கள் 200-க்கும் மேல். நீளக் கம்பி என்றால் நட்டை அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற, வழி நெடுக மரை வெட்ட வேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கத்தான் இரண்டு கம்பியாக மாற்றினார்கள். அந்த இணைப்புக்கு யாரும் புதிதாகக் கணக்குப் போடவில்லை. பின்னால் நடந்த விசாரணையில், முதல் வடிவமைப்பே நகர விதி கேட்ட வலுவில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் என்றும், மாற்றிய பிறகு அது 30 சதவீதத்தை ஒட்டி இறங்கியது என்றும் தெரிந்தது. பொறுப்பான பொறியாளர்கள் மிசௌரி மாநில உரிமத்தை இழந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் நாங்கள் வரைந்த படம் அது. ஹேமக் பையன் கட்டுமான மேலாண்மைக்கு மாற யோசித்துக்கொண்டிருந்தவன். பட்டறையிலிருந்து மாற்றம் கேட்டு வரைபடம் வந்தால் யார் கையெழுத்துப் போடுவார்கள், எதைப் பார்த்துப் போடுவார்கள் என்று டி.ஏ.வைக் குடைந்துவிட்டான். வகுப்பு நேரம் அதிலேயே போனது. சரியாகத்தான் போனது.

இனி குறைகள். ஐம்பது நிமிஷம் போதாது. ஒர்க்‌ஷீட்டின் கடைசிக் கேள்வி எப்போதும் அந்தரத்தில் நிற்கும், விடைத்தாளும் தரமாட்டார்கள். ட்ரஸ் (கம்பிகளை முக்கோணங்களாக இணைத்த சட்டகம்) நடத்தும் வாரங்கள் வெறும் கூட்டல் கழித்தல். மூட்டு மூட்டாகத் தீர்ப்பதற்கு நான்கு பேர் தேவையில்லை. எங்களுக்குக் கிடைத்த அறையில் நாற்காலிகள் தரையோடு முடுக்கியவை. குழுவாகப் பேச முன்வரிசைக்காரர்கள் கழுத்தைத் திருப்பியே உட்கார வேண்டும்.

அலகு இன்னொரு தொல்லை. பாதிக் கணக்கு கிலோவிலும் நியூட்டனிலும், பாதி பவுண்டிலும் கிப்பிலும் வரும். ஒரு கிப் என்பது 1,000 பவுண்டு, சுமார் 4.45 கிலோநியூட்டன். 50 கிலோ என்று கொடுத்தால் 9.81-ஆல் பெருக்க வேண்டும். 50 பவுண்டு என்று கொடுத்தால் அதுவே விசை, எதனாலும் பெருக்க வேண்டாம். நம் ஊரிலிருந்து வருபவர்களுக்குக் கை தானாகப் பெருக்கப் போகும்.

பெரிய குறை, எல்லாமே டி.ஏ. அமைவதைப் பொறுத்தது. எங்களவர் ஒவ்வொரு கேள்விக்கும் மார்க்கர் கை மாறவேண்டும் என்று விதி வைத்திருந்தார். இல்லாவிட்டால் ஒரே ஆள் எழுத, மற்றவர்கள் போன் பார்ப்பார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல், "அந்தப் புள்ளியைச் சுற்றி மொமென்ட் எடுத்தால் எந்தெந்த விசை காணாமல் போகும்?" என்று எதிர்க்கேள்வி போடுவார். ஒருமுறை அவருக்குப் பதிலாக வந்தவர் மொத்த ஒர்க்‌ஷீட்டையும் தானே போர்டில் போட்டுக் காட்டினார். அழகான கையெழுத்து. வகுப்பே குளிர்ந்துபோய், இவரையே வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டே கலைந்தது. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது: தாங்களே முட்டி மோதிய வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் வழுவழுவென்று போன லெக்சரில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். அடுத்த வாரம் உராய்வுக் கணக்கில் எங்கள் மேஜைகள் எல்லாம் திணறியதைப் பார்த்தபோது அந்த ஆய்வின் மேல் எனக்கு நம்பிக்கை கூடியது.

ஊரில் என் தம்பி பி.இ. படித்தபோது அவன் டைம் டேபிளிலும் மெக்கானிக்ஸுக்கு டுட்டோரியல் என்று மணி நேரம் இருந்தது. அதில் போர்ஷன் முடித்தார்கள். அவன் அரியரைப் பற்றி இங்கே பேசவேண்டாம், அவனும் இதைப் படிப்பான்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு தருவேன். கழித்த ஒன்று நேரத்துக்கும் நாற்காலிக்கும். யாருக்கு உதவாது என்றும் சொல்லிவிடுகிறேன். வாய் திறக்கவே மாட்டேன் என்பவர்களுக்கு இது வெறும் வருகைப் பதிவுதான். ஆங்கில உச்சரிப்பை நினைத்துக் கூசவேண்டாம். பேச்சு பெரும்பாலும் அம்புக்குறியிலும் விரல் நீட்டுவதிலும்தான் நடக்கிறது.

எட்டு மணி செக்‌ஷன் எதற்கு என்றால், தூக்கத்துக்குப் பயந்து பாதிப் பேர் அதை எடுப்பதில்லை. ஆள் குறைவாக இருந்தால் டி.ஏ. உங்கள் மேஜைக்கு அடிக்கடி வருவார். குழு சரியில்லை என்றால் செக்‌ஷன் மாற்றும் கெடு முடிவதற்குள் மாறிவிடுங்கள், பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். எச்-4 தோழிகளுக்கு: இந்த விசாவில் படிக்கலாம், தனியாக வேலை அனுமதி (இ.ஏ.டி.) இல்லாமல் டி.ஏ. வேலைதான் பார்க்க முடியாது. உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சேருமுன் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். ஊரிலிருந்து வரும்போது கேசியோ எஃப்.எக்ஸ்-991 ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பின்னாளில் பொறியாளர் உரிமத்துக்கு எழுதும் எஃப்.இ. தேர்விலும் அந்த வரிசைக்கு அனுமதி உண்டு, இங்கே புதிதாக வாங்கும் செலவு மிச்சம்.