புது வீட்டுக்கு இபிசி சர்டிஃபிகேட் (வீட்டோட எனர்ஜி சிக்கனத்துக்கு ரேட்டிங் தர்றது) எடுத்தோம்
இங்கிலாந்துல சொந்தமா வீடு கட்டுறவங்க எஸ்ஏபி அசெஸரை, அதாவது வீட்டோட எனர்ஜி கணக்கைப் போட்டு இந்த சர்டிஃபிகேட் தர்றவரை, ப்ளான் போடும்போதே புடிச்சிடுங்க, நாங்க அப்படித்தான் பண்ணோம், சுவர் இன்சுலேஷன் பத்தாதுன்னு அஸ்திவாரம் போடுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார். 2021 பார்ட் எல்னு கட்டடங்களோட எனர்ஜி சிக்கனத்துக்கு இருக்கிற விதிப்படி இன்சுலேஷன் வைக்கும்போதே போட்டோ எடுத்து வைக்கணும், மூடிட்டா எதைக் காட்டுறது? அதையும் அவரே போன் பண்ணி ஞாபகப்படுத்தினார், ரொம்ப நல்ல மனுஷன். ஏர் டெஸ்ட் அன்னிக்கு வாசக்கதவுல பெரிய ஃபேனை மாட்டி 50 பாஸ்கல் அழுத்தத்துல பார்த்தாங்க, சதுர மீட்டருக்கு மணிக்கு 8 கன மீட்டர் காத்துக்கு மேல கசியக்கூடாது, எங்களுக்கு 8.6 வந்து ஃபெயில், சிங்க்குக்கு கீழ பைப் போற ஓட்டையெல்லாம் அடைச்சப்புறம் 6.9. கடைசில பி ரேட்டிங், 10 வருஷம் செல்லும். சர்டிஃபிகேட் கைக்கு வரத்தான் ரெண்டு வாரம் இழுத்துட்டாங்க, அதுக்கு ஒரு ஸ்டார் கம்மி.