வெட்டுப்புள்ளியா, வதிவிடமா, திருவுளச்சீட்டா?

கொழும்பில் பாடசாலை அனுமதிக்கான சண்டை தரம் 1 இல் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் அது தரம் 6 இல்தான் சூடு பிடிக்கிறது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலையும் தரம் 6 இலிருந்து தொடங்குவதால், பத்து வயதுப் பிள்ளை எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையே அவற்றின் வாசலாகிவிட்டது. பெறுபேறு வந்த வாரத்தில் பிள்ளையின் படமும் புள்ளியும் போட்ட பதாகைகள் சந்திக்குச் சந்தி தொங்கும். கடைக்கு அரிசி வாங்கப் போனாலும் "தம்பி எத்தனை எடுத்தவர்?" என்றுதான் கேட்பார்கள்.

இந்த வாசலை வேறு விதமாக அமைக்க முடியாதா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுந்து, இரண்டு வாரத்தில் அடங்கிவிடுகிறது. உலகில் ஏற்கெனவே நடந்து பார்த்த வழிகள் பல இருக்கின்றன. அவற்றை நம் மாவட்டத்தின் நிலைமையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் சாய்வை மறைக்கவில்லை: பரீட்சை இருக்கட்டும். கடலுக்கு அப்பாலுள்ள நெடுந்தீவுக்கும் நகரத்து நல்லூருக்கும் ஒரே கோடு கிழிப்பதைத்தான் என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

ஒரே பரீட்சை, ஒரே கோடு

புலமைப்பரிசில் பரீட்சை பிறந்த காரணம் நல்லது. 1940களில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு, கெட்டிக்காரக் கிராமத்துப் பிள்ளையை விடுதி வசதியுள்ள மத்திய பாடசாலைக்கு அனுப்பும் வழியாக அது வந்தது. இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளி. சித்தியடைய 70 போதும். ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி அதன் இருமடங்கை ஒட்டியே நிற்கிறது. அதுவும் உதவித்தொகைக்கான கோடு மட்டுமே. பெயர்பெற்ற பாடசாலைகளின் கோடு அதற்கும் மேலே இருக்கும்.

பரீட்சையைத் திட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. நான் அவ்வளவு எளிதாகத் திட்டமாட்டேன். பரீட்சைச் சுட்டெண்ணுக்குத் தகப்பனின் தொழில் தெரியாது, சாதி தெரியாது, பாராளுமன்ற உறுப்பினரின் கடிதமும் தெரியாது. சாதியின் பெயரால் பாடசாலைக் கதவு சாத்தப்பட்ட வரலாறுள்ள ஊரில் இதைச் சின்ன விடயம் என்று யாரும் சொல்லக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் தாய் சங்கிலியை அடைவு வைத்து ரியூசன் காசு கட்டி, மகளை வேம்படிக்கு அனுப்பிய கதைகள் நம் எல்லோருக்கும் தெரியும். நேர்முகத் தேர்வு மட்டும் இருந்திருந்தால் அந்தத் தாய் வாசலிலேயே கூசி நின்றிருப்பாள்.

நியூயோர்க் நகரம் இதே வழியில்தான் போகிறது. 1971 ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின் வழியே, அங்குள்ள புகழ்பெற்ற சிறப்பு உயர்நிலைப் பாடசாலைகளில் ஒரே ஒரு நுழைவுப் பரீட்சைதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. 2019 இல் அவற்றில் ஒன்றான ஸ்டைவசன்ட் பாடசாலை இடம் கொடுத்த 895 பேரில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர். அந்நகரின் அரசுப் பாடசாலை மாணவரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர். ஆனால் அதே பரீட்சையால் உள்ளே போன ஆசியப் பிள்ளைகளில் பலர் உணவகத்திலும் தையற்கூடத்திலும் வேலை செய்யும் குடியேறிகளின் மக்கள். ஆகவே "பரீட்சை பணக்காரனுக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. பரீட்சை, பயிற்சி எட்டும் தூரத்தில் இருப்பவனுக்குச் சாதகம். அந்தப் பயிற்சி காசால் எட்டலாம், சமூக வழக்கத்தால் எட்டலாம், வெறும் தூரத்தாலும் எட்டலாம்.

யாழ்ப்பாணத்தில் முக்கியமானது இந்தத் தூரம்தான். முதலாம் வினாத்தாளில் வரும் உருவத் தொடர்களையும் எண் கோலங்களையும் பாருங்கள். முதல் தடவை பார்க்கும் பிள்ளை ஒரு வினாவுக்கு மூன்று நிமிடம் யோசிக்கும். நூறு மாதிரி வினாத்தாள் செய்த பிள்ளை பார்த்தவுடன் கோடிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். நல்லூரிலோ கொக்குவிலிலோ இருக்கும் பிள்ளைக்குச் சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பு, மாலையில் இன்னொன்று. நெடுந்தீவுப் பிள்ளை அந்த வகுப்புக்கு வருவதானால் படகில் ஒரு மணி நேரம் கடலைக் கடந்து குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. பரீட்சையில் இருவருக்கும் கிடைக்கும் நேரம் ஒன்று, கோடும் ஒன்று.

இன்னொரு குறையைப் பலர் பேசுவதில்லை. கோட்டுக்கு இரண்டு புள்ளி மேலே நிற்கும் பிள்ளைக்கும் இரண்டு புள்ளி கீழே நிற்கும் பிள்ளைக்கும் திறமையில் வேறுபாடு உண்டென்று எந்தப் பரீட்சையாலும் சொல்ல முடியாது. அன்று காய்ச்சல், ஒரு வினாவைத் தவறாக வாசித்தது, பென்சில் முறிந்தது. இவ்வளவும் அந்த இரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும். 2024 இல் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மூன்று வினாவுக்காக நாடு முழுவதும் பெற்றோர் ஏன் கொதித்தார்கள் என்றால், அந்த மூன்று வினாவுக்குள் ஒரு பாடசாலையே போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வதிவிடமும் பழைய மாணவரும்

அரசுப் பாடசாலைகளின் தரம் 1 அனுமதிக்கான சுற்றறிக்கை வழமையாக இடங்களை இப்படிப் பிரித்துவந்திருக்கிறது: அண்மையில் வசிப்போருக்கு 50%, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25%, ஏற்கெனவே படிப்போரின் சகோதரர்களுக்கு 15%, மிச்சம் கல்வித் துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர். வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் எத்தனை பாடசாலை என்று எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. இதில் புள்ளி எடுப்பது பிள்ளை அல்ல, வீடு.

இதைத் தரம் 6 க்கும் கொண்டுவரலாம், பிள்ளைகளுக்குப் பரீட்சை அழுத்தம் இராது என்று சிலர் சொல்கிறார்கள். அழுத்தம் இராது என்பது உண்மை. ஆனால் வலிகாமம் வடக்கில் 1990 இல் எழுந்து போய், முகாமிலும் உறவினர் வீட்டிலும் வாடகை வீட்டிலுமாகப் பல பத்தாண்டுகள் கழித்த குடும்பத்திடம் "தொடர்ச்சியான வதிவிடச் சான்று கொண்டு வாருங்கள்" என்று எந்த முகத்தோடு கேட்பது? 1995 இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர்? போர் பிடுங்கி எறிந்தவர்களை வதிவிடப் புள்ளி இரண்டாம் தடவை பிடுங்கும். பழைய மாணவர் ஒதுக்கீடோ பரம்பரைச் சொத்தைப் பாடசாலைக் கதவில் ஆணி அடித்து மாட்டுவதுதான். ஒப்பிடும் வழிகளில் இதுவே மோசமானது. பரீட்சையை வெறுப்பவர்கள் அதைத் தூக்கினால் என்ன வந்து உட்காரும் என்பதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

தனியார் பாடசாலைகளின் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960, 1961 சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது யாழ்ப்பாணத்தின் மிஷன் பாடசாலைகள் சில தனியாராகவே நின்றன. இப்படிப்பட்ட பாடசாலை தன் பிள்ளைகளைத் தானே தெரிவு செய்யலாம். ஒரு நல்ல அதிபர் இருந்தால், புள்ளியில் தெரியாத பிள்ளையையும் அவர் கண்டுபிடிப்பார். அதிபர் மாறினால் அந்தக் கண்ணும் போய்விடும். ஒரு மனிதரின் நேர்மையை நம்பி மாவட்டம் முழுவதுக்கும் முறை வகுக்க முடியாது.

பாடசாலைக்கு இத்தனை என்ற பங்கு

அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் தோமஸ் ஜெஃபர்சன் என்றொரு அறிவியல் உயர்நிலைப் பாடசாலை இருக்கிறது. 2020 இல் அது நுழைவுப் பரீட்சையை நிறுத்தி, சுற்றுவட்டார நடுநிலைப் பாடசாலை ஒவ்வொன்றிலும் முதல் 1.5% மாணவருக்கு இடம் ஒதுக்கியது. முன்பு எழுபது வீதத்துக்கு மேலிருந்த ஆசிய மாணவர் பங்கு அடுத்த அனுமதியில் 54% ஆனது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023 இல் புதிய முறை செல்லும் என்றது. உச்ச நீதிமன்றம் 2024 இல் வழக்கை விசாரணைக்கு எடுக்கவே மறுத்தது.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது அதன் பக்கவிளைவு. சின்னப் பாடசாலையில் முதலாவதாக வந்தால் இடம் உறுதி என்றால், பெற்றோர் பிள்ளையை நகரத்து ஆரம்பப் பாடசாலைக்கு வாகனத்தில் ஏற்றி அனுப்பமாட்டார்கள். ஊர்ப் பாடசாலைக்கு உயிர் வரும். ஆனால் நம் தீவகத்திலும் வலிகாமம் மேற்கின் ஓரங்களிலும் தரம் 5 இல் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் மட்டும் படிக்கும் பாடசாலைகள் இருக்கின்றன. பத்துப் பேரில் 1.5% என்றால் ஒரு பிள்ளைகூட இல்லை. பாடசாலைக்கு ஒருவர் என்றால், இருக்கும் இடமெல்லாம் அதிலேயே முடிந்துவிடும். கணக்கு நம் ஊருக்குச் சரிவரவில்லை.

குலுக்கல்

சான் பிரான்சிஸ்கோவில் புள்ளி பார்த்துப் பிள்ளைகளை எடுத்துவந்த லோவெல் பாடசாலை பெருந்தொற்றுக் காலத்தில் குலுக்கலுக்கு மாறியது. பெற்றோரின் கோபம் கல்விச் சபை உறுப்பினர் மூவரை 2022 இல் பதவியிலிருந்து இறக்குவதற்கு ஒரு காரணமானது. அதே ஆண்டு சபை பழைய முறைக்கே திரும்ப வாக்களித்தது. கோவிலில் பூக்கட்டிப் பார்த்துக் கலியாணம் முடிக்கும் யாழ்ப்பாணமும் பிள்ளையின் படிப்பைத் திருவுளச்சீட்டில் விடச் சம்மதிக்காது. முழுவதையும் அப்படி விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் கோட்டின் இருபுறமும் மூன்று புள்ளிக்குள் நிற்கும் பிள்ளைகளை மட்டும் குலுக்கிப் போட்டால் அது பரீட்சையைவிட நேர்மையானது. வெளியே நிற்கும் பிள்ளைக்கு "நீ குறைந்தவள்" என்ற பொய்யையாவது சொல்லாமல் விடலாம்.

படிநிலை ஒதுக்கீடு

சிக்காகோ 2010 ஐ ஒட்டிய காலத்திலிருந்து வேறொரு வழியில் போனது. தெரிவு செய்து எடுக்கும் உயர்நிலைப் பாடசாலைகளில் 30% இடம் நகரம் முழுவதற்குமான புள்ளி வரிசைக்கு. மீதி 70% நான்கு படிகளுக்குச் சமமாக. பிள்ளை வசிக்கும் பகுதியின் வருமானம், வளர்ந்தோரின் கல்வி, சொந்த வீடு போன்றவற்றை வைத்துப் படி தீர்மானிக்கப்படும். அந்தப் படிக்குள் மீண்டும் புள்ளிதான் பேசும். பரீட்சை இருக்கிறது. ஆனால் பிள்ளை தன்னைப் போன்ற நிலையில் உள்ள பிள்ளைகளோடு போட்டி போடுகிறது.

வாசிக்கும்போதே நமக்குப் பழகிய ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் கலைத்துறை நீங்கலான பெரும்பாலான துறைகளில் 40% நாடளாவிய திறமைக்கு, 55% மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5% பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய புண் ஒன்று நோகும். 1971 இல் பேராதனையில் பொறியியல் படிக்கத் தமிழ் மாணவருக்கு 250 புள்ளி தேவைப்பட்டது, சிங்கள மாணவருக்கு 227. மொழியைப் பார்த்து விதித்த அந்த அநீதியை எந்த நியாயத்தாலும் காப்பாற்ற முடியாது. ஆனால் 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு விடயம். வன்னிப் பிள்ளைகளும் கிழக்கின் பிள்ளைகளும் அந்தக் கதவால்தான் பல்கலைக்கழகம் போனார்கள் என்பதை நாம் எப்போதும் தாழ்ந்த குரலிலேயே சொல்வோம். இரண்டையும் "தரப்படுத்தல்" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதால், ஒதுக்கீடு என்றாலே நமக்கு உடம்பு கூசுகிறது. அன்று கொழும்பைப் பார்த்து நாம் சொன்ன "திறமைக்கு இடம் கொடு" என்ற வாக்கியத்தையே இன்று நெடுந்தீவுப் பிள்ளையைப் பார்த்தும் சொல்கிறோம். அன்று அது நியாயக் குரல். இன்று அதன் அர்த்தம் "நகரத்து ரியூசனுக்கு இடம் கொடு" என்பதுதான்.

மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. படி வகுக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு பாடசாலையில் 200 இடம் என்று வைத்துக்கொள்வோம். 100 மாவட்டப் புள்ளி வரிசைக்கு. மற்ற 100 ஐ வலயங்களுக்கு, தரம் 5 மாணவர் தொகைக்கு ஏற்பப் பிரித்து, அந்தந்த வலயத்துக்குள் புள்ளி வரிசையில் கொடுக்கலாம். வடமராட்சிக்கு ஹாட்லிக் கல்லூரியும் பெண்களுக்கான மெதடிஸ்ட் பாடசாலையும் இருப்பதால் அங்கிருந்து பலர் வரமாட்டார்கள். வெற்றிடம் மற்ற வலயங்களுக்குப் போகட்டும். தீவகத்துக்கு ஒருவேளை ஐந்தாறு இடம்தான் வரும். தரம் விழுந்துவிடும் என்று பயப்படுபவர்கள் இந்த ஐந்தாறைத்தான் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

"அண்மையிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை" என்று அரசு ஒரு திட்டமே நடத்தியது. எல்லாப் பாடசாலையும் சமமானால் இந்தப் போட்டியே இராது என்பதை யார் மறுப்பார்கள்? உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பிக்க ஆசிரியர் நிரந்தரமாக இல்லாத பாடசாலைக்கு வர்ணம் பூசிப் பெயர்ப்பலகை மாற்றியதால் அது சிறந்த பாடசாலை ஆகிவிடவில்லை. எல்லாப் பாடசாலையும் சமமாகும் வரை இன்று தரம் 5 இல் இருக்கும் பிள்ளை காத்திருக்காது.

வலய ஒதுக்கீடு வந்தால் முதலில் நடக்கப்போவதும் எனக்குத் தெரியும். வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் தரம் 5 இடாப்பில் திடீரென்று நல்லூர்ப் பிள்ளைகளின் பெயர்கள் ஏறும். அதனால் முகவரியைக் கணக்கில் எடுக்கக் கூடாது. தரம் 3 இலிருந்து அதே வலயப் பாடசாலையில் இருந்ததற்கான வரவுப் பதிவைத்தான் கேட்க வேண்டும். இடத்தோடு விடுதிக் கட்டிலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டம் புலமைப்பரிசில் தொகையை மாதம் 750 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியது. நெடுந்தீவிலிருந்து வந்து நகரில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் காசு சாப்பாட்டுக்கே காணாது. கன்னங்கரா காலத்து மத்திய பாடசாலைகள் விடுதியோடு வந்தன. அனுமதிக் கடிதத்தை மட்டும் படகில் அனுப்பினால், அதை வாங்கிய குடும்பம் மகளை யார் வீட்டில் விடுவது என்று யோசித்து யோசித்தே தவணை தொடங்கிவிடும்.