ஹோம்வேர்ல்ட் ரீமாஸ்டர்டு: புதியவர் ஒருவரின் முதல் பயணம்

கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த ரெலிக் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் உருவாக்கிய ஹோம்வேர்ல்ட், 2003இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகம் ஆகிய இரண்டு விளையாட்டுகளையும் புதுப்பித்து, 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் கியர்பாக்ஸ் நிறுவனம் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. புதுப்பிக்கப்பட்ட வடிவங்களோடு பழைய மூல வடிவங்களும் அதிலேயே சேர்ந்து கிடைக்கின்றன. விண்வெளியில் நிகழ்நேரத்தில் படை நடத்தும் விளையாட்டு எதையும் இதற்கு முன் நான் தொட்டதில்லை. வரைபடத்தின் ஒரு மூலையில் கோட்டை கட்டி, மரமும் பொன்னும் சேர்த்து, வீரர்களைத் திரட்டி அனுப்பும் தரைப்போர் விளையாட்டுகளில் மட்டுமே பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தோடு வருபவருக்கு முதல் பாகத்தின் கதைப்பகுதி எப்படி இருக்கும் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

கதை எளிமையானது. காராக் என்னும் வறண்ட பாலைவனக் கோளில் வாழும் ஒரு மக்கள் கூட்டம், மணலுக்கடியில் புதைந்து கிடந்த பழங்காலக் கப்பல் ஒன்றைக் கண்டெடுக்கிறது. அதற்குள் இருந்த கல்லில் விண்மீன் கூட்டத்தின் வரைபடமும், தங்கள் பூர்வீகக் கோளான ஹிகாராவின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே திரும்பிச் செல்வதற்காகத் தலைமுறைகளின் உழைப்பில் மாபெரும் தாய்க்கப்பல் ஒன்று கட்டப்படுகிறது. அதை இயக்கப் பெரிய குழு ஒன்றை அமர்த்துவதற்குப் பதிலாக, காரன் ஸ்ஜெட் என்ற பெண் விஞ்ஞானி தன் உடலையே கப்பலோடு இணைத்துக்கொள்கிறார். ஆட்டம் முழுவதும் நமக்குத் தகவல் சொல்லும் இரண்டு குரல்களில் ஒன்று அவருடையது. கட்டங்களுக்கு இடையே வரும் கருப்பு வெள்ளைக் கோட்டோவியக் காட்சிகள் இந்தக் கதையை அதிகம் பேசாமல் நகர்த்துகின்றன.

முதல் கட்டம் தாய்க்கப்பலின் வெள்ளோட்டம். அறுவடைக் கலங்களை அனுப்பிச் சிறுகோள்களிலிருந்து வளம் சேர்ப்பது, ஆய்வுக் கப்பலைக் கட்டிப் புதிய தொழில்நுட்பங்களைத் தேடுவது, பயிற்சி இலக்குகளைச் சுடுவது, ஆளில்லாக் கலம் ஒன்றைப் பிடித்து வருவது என்று ஒவ்வொரு வேலையும் கப்பலின் சோதனையாகவே கதைக்குள் வருகிறது. பாடம் நடத்துவதாகத் தோன்றாமலே பாடம் நடக்கிறது. வேறு பல விளையாட்டுகளில், மாணவனை முன்வரிசையில் உட்காரவைத்து அம்புக்குறி காட்டும் பயிற்சிப் பகுதியைச் சகித்துக் கடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் இந்தக் கட்டத்தில் உண்மையில் கற்க வேண்டியது வளமோ சுடுவதோ அல்ல. பார்ப்பது எப்படி என்பதுதான். தரைப்போர் விளையாட்டில் வரைபடம் எப்போதும் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்கும். இங்கே மேல் கீழ் என்று எதுவும் இல்லை. பார்வை பெரும்பாலும் ஏதேனும் ஒரு கலத்தையே மையமாகக் கொண்டு சுழல்கிறது. மவுஸ் பொத்தானை அழுத்திப் பிடித்து இழுத்தால் அந்தக் கலத்தைச் சுற்றி வருகிறோம், சக்கரத்தை உருட்டினால் நெருங்குகிறோம் அல்லது விலகுகிறோம். இப்படிக் கலத்தைச் சுற்றியே பார்க்க வேண்டியிருப்பது தொடக்கத்தில் எரிச்சலூட்டுகிறது. பிறகுதான் அதன் காரணம் விளங்குகிறது: பற்றிக்கொள்ள ஒரு கலம் இல்லாவிட்டால், தூரத்தையும் திசையையும் கண் உடனே தொலைத்துவிடும். ஒவ்வொரு கலமும் தன் பின்னால் விட்டுச் செல்லும் வண்ண ஒளிக்கோடு அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. எது எந்தப் பக்கம் போகிறது என்பதை ஓரளவு தொலைவிலிருந்தும் அந்தக் கோட்டைக் கொண்டே சொல்லிவிடலாம்.

கலங்களை நகர்த்தும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்வார்கள் என்று நினைக்கிறேன். எம் விசையை அழுத்தினால், தேர்ந்தெடுத்த கலங்களைச் சுற்றி ஒரு வட்டத்தட்டு விரிகிறது. அந்தத் தட்டின் மேல் மவுஸை நகர்த்தி முதலில் இடத்தைக் குறிக்க வேண்டும். பிறகு ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸை மேலோ கீழோ தள்ளினால், குறித்த இடத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு எழும் அல்லது இறங்கும். அதன் முனைதான் கலங்கள் சென்று சேரும் புள்ளி. கிணற்றின் மேல் நின்று இடம் பார்த்து, அதன்பின் வாளியை இறக்குவது போன்ற இரண்டு கட்டச் செயல் இது. எதிரி சுடும்போது இதைச் செய்ய நேர்ந்தால் விரல்கள் தடுமாறும். அதனால் முதல் கட்டத்தில் எதிரி வராத பொழுதிலேயே வேவுக் கலம் ஒன்றைத் தாய்க்கப்பலுக்கு மேலும் கீழும் அனுப்பிக் கையைப் பழக்கிக்கொள்வது நல்லது. கை பழகியபின் எதிரியின் பெரிய கலத்தை அதன் வயிற்றுப் பக்கமாக அணுகி, பீரங்கிகள் குறைவாக உள்ள திசையிலிருந்து தாக்கும் வாய்ப்பு திறக்கிறது. தட்டையான வரைபடத்தில் இப்படியொரு யோசனைக்கே இடமில்லை.

ஸ்பேஸ் விசையை அழுத்தினால் போர்க்களம் முழுவதும் புள்ளிகளாகச் சுருங்கிக் காட்டும் சென்சார் திரை வருகிறது. ஆட்டத்தின் பெரும்பகுதியை அந்தத் திரையிலிருந்தே நடத்திவிடலாம், நடத்தவும் தோன்றும். ஆனால் கலங்களின் அருகே சென்று பார்க்காதவருக்கு இந்த விளையாட்டின் பாதி கிடைக்காமல் போகும். தனியாக விளையாடும்போது ஆட்டத்தை நிறுத்திவைத்தபடியே கட்டளை இடவும் முடியும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைக்க வேண்டும். அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதற்கான காரணம். தரைப்போர் விளையாட்டுகளில் ஒவ்வொரு கட்டமும் வெறுங்கையோடு தொடங்கும். முந்தைய கட்டத்தில் ஆயிரம் வீரர்களைப் பலிகொடுத்து வென்றிருந்தாலும் அடுத்த கட்டத்தில் அதற்குக் கணக்கு கேட்பார் யாருமில்லை. இங்கே ஒரு கட்டத்தின் முடிவில் எஞ்சிய கலங்களும் சேர்த்த வளமும் அப்படியே அடுத்த கட்டத்துக்கு வருகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் கிடைக்கும் வளத்துக்கு எல்லையும் உண்டு; சிறுகோள்கள் தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான். ஆகவே இரண்டாம் கட்டத்தில் அலட்சியமாக இழந்த கலம் ஒன்றின் இடம் ஐந்தாம் கட்டத்தில் வெறுமையாக நிற்கும். இந்த ஒரே விதி, ஆடுபவரின் மனப்போக்கையே மாற்றிவிடுகிறது. அடிபட்ட கலத்தைப் போரிலிருந்து பின்வாங்கச் செய்து பழுதுபார்க்க அனுப்புகிறோம். வெற்றி உறுதியான பிறகும், வளம் முழுவதையும் திரட்டாமல் அடுத்த இடத்துக்குப் பாய மனம் வருவதில்லை. இத்தகைய சிக்கனத்தை வேறெந்தப் போர் விளையாட்டிலும் நான் கடைப்பிடித்ததில்லை.

கதையும் இதே விதியின் மேல்தான் நிற்கிறது. (மூன்றாம் கட்டத்தில் நடப்பதை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) வெள்ளோட்டம் முடிந்து திரும்பும்போது காராக் கோள் தீப்பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. பயணத்துக்காக உறைநிலையில் உறங்கவைக்கப்பட்ட மக்களைக் கொண்ட பெட்டகங்கள் மட்டும் சுற்றுப்பாதையில் மிதக்க, எதிரியின் ஃபிரிகேட்டுகள் (நடுத்தர அளவுப் போர்க்கலங்கள்) அவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. மீட்பு கார்வெட்டுகள் என்னும் சிறு இழுவைக் கலங்களை அனுப்பி அந்தப் பெட்டகங்களை இழுத்து வர வேண்டும். பின்னணியில் கூட்டுக்குரலாக எழும் சோக இசை. அதன் மேல் பதற்றமே இல்லாமல் நிலவரத்தைச் சொல்லும் அந்த இரண்டு குரல்கள். அழவைக்கும் வசனம் ஒன்றும் கிடையாது. அதுவரை கலங்களைக் கணக்குப் பார்த்துப் பழகியிருந்த நாம், அதே சிக்கனத்தோடு இப்போது மனிதர்களை எண்ணுகிறோம். விளையாட்டின் விதியும் கதையின் துயரமும் இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் இடம் அரிது.

மீட்பு கார்வெட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. எதிரியின் கலத்தை அழிக்காமல், அதன் மேல் ஒட்டிக்கொண்டு தாய்க்கப்பலுக்கு இழுத்துவந்து நம்முடையதாக்கிக்கொள்ள இவற்றால் முடியும். கலம் பெரிதானால் பல கார்வெட்டுகள் சேர்ந்து பற்ற வேண்டும். அவை நெருங்கும் நேரத்தில் எளிதில் சுட்டு வீழ்த்தப்படும் என்பதால், எதிரியின் கவனத்தைத் திருப்ப வேறு கலங்களை முன்னால் அனுப்பியாக வேண்டும். நான்காம் கட்டத்தில் டுரானிக் கொள்ளையர்களின் ஃபிரிகேட் ஒன்று, இயந்திரங்கள் அணைந்து, சுடுவதை நிறுத்தி, நம் கார்வெட்டுகளின் பிடியில் மெல்லத் திரும்பித் தாய்க்கப்பலை நோக்கி வரத் தொடங்கும் காட்சியை அருகிலிருந்து பாருங்கள். நாமே கட்டிய எந்தக் கலமும் அந்த மகிழ்ச்சியைத் தரவில்லை.

குறைகளும் உண்டு. ஆறாம் கட்டமான சிறுகோள் வெளியில், தாய்க்கப்பலை நோக்கி வரும் பாறைகளைச் சுட்டு நொறுக்குவதைத் தவிர யோசிக்க அதிகமில்லை. பொறுமையைச் சோதிக்கும் அந்தக் கட்டத்தை எப்படியாவது கடந்துவிட்டால், அடுத்து வரும் காதேஷ் நெபுலா என்னும் விண்வெளி வாயு மேகம் அதற்கு ஈடுசெய்துவிடுகிறது. அங்கே திரளாக வந்து மொய்க்கும் சிறு கலங்களை ஒவ்வொன்றாகத் துரத்துவது வீண்வேலை. அவை எதை நம்பியிருக்கின்றன என்று கவனிப்பவர் பிழைத்துக்கொள்வார்.

இதைவிட அடிப்படையான குறை ஒன்றும் இருக்கிறது. நம் படை எவ்வளவு பெரியதாக இருக்கிறதோ, அதற்கேற்ப எதிரியின் படையும் பெருகும்படி ஆட்டம் அமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் பாகத்தில் இது மிகவும் வெளிப்படை. திறமைசாலிக்குச் சலிப்பு வரக்கூடாது, தடுமாறுபவர் மீளமுடியாமல் போகக்கூடாது என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் கலங்களைக் காப்பாற்று, வளத்தைச் சேர்த்துவை என்று இத்தனை அழகாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, சேர்த்துவைத்தவரை எண்ணிக்கையில் கூடிய எதிரியோடு மோதவிடுவது தன் பேச்சைத் தானே மறுப்பதாகும். கடினம் கூட வேண்டுமென்றால் அதை ஆடுபவரே தேர்ந்தெடுக்கும்படி விட்டிருக்கலாம்.

பழைய வடிவத்துக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடுகள் புதியவரை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. 1999ஆம் ஆண்டு வடிவத்தில் சிறு கலங்களுக்கு எரிபொருள் தீரும், திரும்பிவந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். புதுப்பித்த வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை. புதிய வடிவம் வெளியானபோது கலங்கள் அணிவகுப்பைச் சரியாகக் காக்கவில்லை என்ற குறை 2016ஆம் ஆண்டின் மேம்படுத்தலில் பெருமளவு சரிசெய்யப்பட்டது. கண்ணுக்கும் கைக்கும் புதியதே இதமானது. பழையதை ஆர்வத்துக்காக ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.

நிதானமும் ஓரளவு ஆங்கிலக் கேட்புத்திறனும் உள்ள எவருக்கும் முதல் பாகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வசனங்கள் சில இடங்களில் இரைச்சலில் அமுங்கிவிடுகின்றன. ஆதலால் தொடங்கும் முன்பே துணைவரிகளை இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் தனியாகச் சேமித்துவைப்பதும் அவசியம், ஏனெனில் படை மிகவும் மெலிந்துபோனால் ஒன்றிரண்டு கட்டங்கள் பின்னால் சென்று மறுபடி தொடங்குவதே அறிவான வழியாகிவிடும். பதினாறு கட்டங்களும் முடிந்த கையோடு இரண்டாம் பாகத்தைத் தொடங்க வேண்டாம். அதில் சிறு கலங்கள் ஒவ்வொன்றாக அல்லாமல் அணியணியாகக் கட்டப்படுகின்றன, போர்களும் இடைவெளி விடாமல் வந்து மோதுகின்றன. முதல் பாகத்தின் நிதானத்துக்குப் பழகிய கைக்குச் சில நாள் ஓய்வு கொடுத்துவிட்டு அதற்குள் போவது நல்லது.