கூகுள் சர்ச் கன்சோல்: சம்பளம் கேட்காத கணக்குப்பிள்ளை

மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் பித்தளைப் பாத்திரக் கடையின் வெப்சைட்டுக்கு எஸ்இஓ (கூகுள் தேடலில் பக்கத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்து தருகிறேன் என்று வந்த ஒருவருக்கு ஆறு மாதம் பணம் கொடுத்தோம். அவர் செய்ததெல்லாம் மெட்டா கீவேர்டில், அதாவது பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக இருக்கும் தேடுசொல் பட்டியலில், நூறு சொற்களைத் திணித்ததுதான், தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. சரி, போகட்டும் என்று, நம் வெப்சைட் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலை நானே திறந்தேன். இலவசம். என்ன தேடும்போது நம் பக்கம் கண்ணில் பட்டது, அதில் எத்தனை முறை கிளிக் செய்தார்கள், எந்தப் பக்கம் இண்டெக்ஸே ஆகவில்லை (கூகுளின் தேடல் பட்டியலில் சேரவில்லை), எல்லாம் தெரிகிறது. எங்கள் பக்கங்கள் அத்தனைக்கும் 'முகப்பு' என்றே தலைப்பு! மக்கள் தேடுவதோ 'குத்துவிளக்கு 2 அடி விலை'. தலைப்புகளை மாற்றி, அப்புறம் நம் பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பும் கொடுத்தேன். குறை என்றால், 16 மாதத்துக்கு முந்தைய தேடல் கணக்கு அதில் கிடைக்காது.