கியர் இல்லாத கருப்பு சைக்கிள்: கடலூர், பாகூர் ஊர்ப்பாதைகளில் ஏழு வருட அனுபவம்

பணி ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய வண்டி இது. பழைய மாடல் கருப்பு சைக்கிள். 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுத்துப் பிடிப்பது), செயினை முழுக்க மூடிய கவர், பின்னால் கேரியர். எடை 20 கிலோ பக்கம் வரும். ஏழு வருடமாக விடியற்காலையில் இதைத்தான் ஓட்டுகிறேன். என் வயதில் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் கியர் வண்டியைத்தான் விசாரிக்கிறார்கள். நம் பக்கத்து ஊர்ப்பாதைகளுக்கு அது தேவையே இல்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல வந்தது.

நான் போகும் வழியைச் சொன்னால் காரணம் புரியும். மஞ்சக்குப்பத்தில் கிளம்பி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, முள்ளோடையில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்து, கன்னியக்கோயிலில் மெயின் ரோட்டை விட்டு மேற்கே திரும்பினால் பாகூர். வழி முழுக்கத் தட்டையான வண்டல் நிலம். பாலத்து ஏற்றம் ஒன்றுதான் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும். என் வண்டியில் செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஐந்தரை மீட்டர் பக்கம் போகும். நிதானமாக மிதிக்கிறவருக்கு அது போதும். கேப்பர் மலை ஏற்றம் மட்டும் இதற்கு ஆகாது. திருவந்திபுரம் பக்கம் போனால் மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்துவிடுவேன்.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். அங்குள்ள ஏரி புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியது. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக இதற்கு வருகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஏரி நிரம்பிக் கிடக்கும்போது கரையோரம் மெதுவாகப் போனால் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைப்பதைப் பார்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி என்பதால் கழுத்து வலிக்காமல் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே போக முடிகிறது. குனிந்து ஓட்டும் வண்டியில் எனக்கு இது கிடைத்திருக்காது.

பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், போகிற வண்டி ஏறி நெற்று உடையட்டும் என்று. ஒதுங்கிப் போகப் பார்த்தால், "பரவால்ல ஐயா, மேலயே ஏத்திட்டுப் போங்க" என்பார்கள். காய்ந்த கொடி பின்சக்கர அச்சில் சுருட்டிக்கொண்டு, பெடல் மெல்ல மெல்ல இறுகிவிடும். முழு செயின் கவர் இருப்பதால் செயினுக்குள் மட்டும் போகாது. கியர் வண்டியில் வரும் நண்பர் ஒருவர் அந்தப் பருவத்தில் பின்பக்கத்தில் செயின் ஓடும் சின்னச் சக்கரங்களிலிருந்து கொடியைப் பிய்த்து எடுக்க ஓரங்கட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

குறைகளில் பெரியது பிரேக். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் கம்பி பிரேக் சரியாகப் பிடிக்காது, வண்டி வழுக்கிக்கொண்டே போகும். மழையில் நான் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, லேசாகப் பிடித்துப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே போகிறேன். பிரேக் கட்டை தேயும்வரை காத்திருக்காமல் ஐப்பசிக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

டயரில் உரசி விளக்கெரிக்கும் டைனமோவைக் கழற்றிவிட்டேன். டயர் நனைந்தால் அது வழுக்கும், வண்டி நின்றால் விளக்கும் அணையும். சார்ஜ் செய்யும் எல்இடி விளக்கு முன்னால் ஒன்று, பின்னால் சிவப்பு ஒன்று போட்டிருக்கிறேன். பின்விளக்கில் தயவுசெய்து காசு பார்க்காதீர்கள். வெட்டுப் பருவத்தில் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இருட்டிலேயே வரும். டிரெய்லருக்கு வெளியே கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வண்டியைக் கண்டால் நான் ரோட்டை விட்டே இறங்கிவிடுவேன்.

அப்புறம் உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் விட வேண்டும். மெஷின் எண்ணெய்தான் சரி, தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுக்காகிவிடும். போக்ஸ் கம்பிகள் துருப்பிடித்து ஒவ்வொன்றாக அறுந்ததால் இரண்டு சக்கரத்துக்கும் எவர்சில்வர் கம்பி மாற்றினேன். அதன்பிறகு தொல்லையில்லை. பஞ்சருக்குப் பெரும்பாலும் காரணம் சீமைக்கருவேல முள்தான். காற்றை மட்டும் குறைய விடாதீர்கள். "காத்து கம்மியா ஓட்டுனா டயர் ஓரமே வெட்டிடும் சார்" என்று எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் சொல்வது சத்தியமான வார்த்தை.

முழங்கால் வலிக்கிறது என்பவர்கள் முதலில் சீட்டைப் பாருங்கள். நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று பலர் சீட்டை இறக்கி வைக்கிறார்கள், வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது கால் லேசாக மடங்கினால் போதும். நடு பாரைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட முடியாதவர்கள் கூச்சப்படாமல் லேடீஸ் சைக்கிளே வாங்கலாம். இதே சக்கரம், இதே உறுதிதான். மாடி வீட்டுக்காரர்கள் மட்டும் வாங்கும் முன் யோசியுங்கள், இந்த எடையைத் தினமும் படியேற்றி இறக்க முடியாது.