அவியலா, அதற்குப் பிந்தைய ரெக்ஸ் விஜயனா?

2008இல் திருவனந்தபுரத்து ராக் குழுவான அவியலின் ஆல்பம் வந்தபோது மார்த்தாண்டத்துக்காரனான எனக்கு அது பக்கத்து ஊர்ச் சங்கதி. மலையாளம் எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுப் பேச்சு. திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறினால் களியக்காவிளை தாண்டும்வரை ‘நட நட’ பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்பேன்.

இன்று அந்த வெறி இல்லை. அடுத்த ஆல்பத்துக்குக் காத்துக் காத்தே அது தேய்ந்துபோனது. குழுவின் கிட்டார் கலைஞர் ரெக்ஸ் விஜயன் இதற்குள் சினிமா இசையமைப்பாளர் ஆகிவிட்டார்: ‘சாப்பா குரிசு’ (2011), ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’ (2013), ‘மாயாநதி’ (2017). பழைய ஆல்பத்தையும் இந்தப் படங்களின் பாட்டுகளையும் ஒரே வாரத்தில் மறுபடி கேட்டேன்.

கைத்தேர்ச்சியில் பிந்தைய ரெக்ஸ்தான் மேல். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று. அவியலில் கிட்டார் குரலோடு முட்டிமோதும். மாயாநதியில் ஷஹபாஸ் அமன் பாடிய ‘மிழியில் நின்னும்’ பாட்டில் இசை குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க அதற்கு ஈடில்லை. நீலாகாசம் பாட்டுகள் முட்டம் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டும்போதெல்லாம் தானாக நினைவில் ஓடும்.

ஆனால் படப்பாட்டு காட்சிக்குக் கட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் போகாதா என்று ஏங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. ‘சால்ட் அண்ட் பெப்பர்’ (2011) படத்துக்கு அவியல் குழுவே செய்த ‘ஆனக்கள்ளன்’ பாட்டிலும் கொண்டாட்டம் இருக்கிறது, பழைய முரட்டுத்தனம் குறைவு.

சரி, பழைய ஆல்பம் முழுக்க நிற்கிறதா? இல்லை. அன்று மயிர்க்கூச்செறிய வைத்த டிரம்ஸ் இடி இன்று சில பாட்டுகளில் அலுப்பூட்டுகிறது.

‘ஆடு பாம்பே’ பாட்டுக்கு மட்டும் வயதாகவில்லை. அதன் வரிகள் கேரளத்துத் துறவி நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. பாம்பாட்டிச் சித்தரைப் படித்த தமிழருக்கு முதல் சொல்லிலேயே பிடிபட்டுவிடும். குரு தவமிருந்த மருத்துவாமலை எங்கள் மாவட்டத்தில்தான், நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் இருக்கிறது. அவர் இருந்த பிள்ளைத்தடம் குகைவரை நானும் ஏறியிருக்கிறேன். சித்தர் பாடிய பாம்பை குரு மலையாளத்தில் ஆட வைத்தார். நூறாண்டு கழித்து நாலு இளைஞர்கள் அதை எலக்ட்ரிக் கிட்டாரில் ஏற்றினார்கள். எந்த இயக்குநரும் தன் காட்சிக்காக இப்படி ஒரு பாட்டைக் கேட்டிருக்க மாட்டார். குழுவாக இருந்ததால்தான் அவர்களுக்கு அது தோன்றியது.

புதிதாகக் கேட்பவர்கள் மாயாநதியில் தொடங்குங்கள், அதுதான் சட்டென்று ஒட்டும். எனக்கு இரண்டில் ஒன்றுதான் என்றால் ஆல்பம்தான் வேண்டும், அந்த ஒரு பாட்டுக்காக. போன ஞாயிறு பஸ் பொற்றையடியை நெருங்கி, ஜன்னலில் மலை தெரிந்ததும் அதைப் போட்டேன். கன்னியாகுமரியில் இறங்கும்வரை வேறு பாட்டுக்கு மாற்றவில்லை.