நின்ற இடம் எது? ஓர் ஈற்றடிக் குழுவில் இரண்டரை ஆண்டுகள்

பெரம்பூரில் மின்ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் ஒரு வெண்பாவின் முதல் அடியாவது கூடிவிட வேண்டும் என்பது என் காலைக் கணக்கு. வில்லிவாக்கத்தில் ஒரு சொல் கிடைக்கும். கொரட்டூரில் அது பொருந்தாது என்று தெரியும். பட்டரவாக்கத்தில் வேறொன்று வந்து உட்காரும். தொழிற்பேட்டையில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. இரண்டரை ஆண்டுகளாக ஒரு கைப்பேசிக் குழுவில் வெண்பா எழுதுகிறேன். இப்படி ஒரு குழுவில் சேரலாமா என்று தோழிகள் அடிக்கடி கேட்பதால், பயன்படுத்திப் பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

குழு 2020 ஊரடங்கின்போது ஏழு பேர் தொடங்கியது. நான் சேர்ந்தது 2023 ஜூனில். நடைமுறை எளிது. திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் ஈற்றடி கொடுப்பார். அந்த அடியில் முடியும்படி மற்றவர்கள் வெள்ளிக்குள் வெண்பா எழுத வேண்டும். காலை வணக்கப் படங்களுக்கு இடமில்லை. ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது நம்மிடம் பழைய வழக்கம். 15ஆம் நூற்றாண்டின் காளமேகப் புலவர் எவ்வளவு முரட்டு ஈற்றடி கொடுத்தாலும் நின்ற இடத்திலேயே பாடி முடித்தவர் என்று பேர் வாங்கியதும் இந்த விளையாட்டில்தான். எங்களுக்கு நின்ற இடத்தில் வராது. ஐந்து நாள் வேண்டும்.

வெண்பா தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெய்யை விட்டுவிட்டு எண்ணினால், ஓர் எழுத்து தனித்து நிற்பது நேர், குறிலோடு இன்னோர் எழுத்து சேர்வது நிரை. இவை அசைகள். அசைகள் சேர்ந்தது சீர். இரண்டு அசையில் நேரில் முடிவது மாச்சீர், நிரையில் முடிவது விளச்சீர்; மூன்று அசையில் நேரில் முடிவது காய்ச்சீர். ஒரு சீர் அடுத்த சீரோடு பொருந்துவது தளை. மாச்சீரை அடுத்து நிரை வர வேண்டும். விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேர் வர வேண்டும். கடைசி அடிக்கு மூன்றே சீர். அதிலும் இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். ஆனால் காரிகை (யாப்பிலக்கண நூல்) கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று முன்னோர் அலுத்துக்கொண்டதன் பொருள், முதல் மாதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

சேர்ந்த புதிதில் என் பாடலுக்கு வந்த மறுமொழிகள் எல்லாம் ‘அருமை’, ‘மிக அருமை’, கைகூப்பும் பொம்மை. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, எந்தப் பாடலுக்கு எந்த ‘அருமை’ வந்தது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. யாராவது படித்தார்களா என்ற ஐயமும் வந்தது.

அந்த ஐயத்தைத் தீர்த்தவர் குழுவில் நாங்கள் ‘ஐயா’ என்றே அழைக்கும் ஒருவர். இராயப்பேட்டை அச்சகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெய்ப்புத் திருத்தியவர். 2023 நவம்பர் இறுதியில் அவர் கொடுத்த ஈற்றடி ‘மழைவந்து போன தெரு’. நான் குறள் வெண்பாவாக எழுதினேன்:

வானம் உடைந்து வழியெங்கும் சில்லாக
மழைவந்து போன தெரு.

வழக்கம்போல் பாராட்டுகள். ஐயா மட்டும், “அம்மா, ‘சில்லாக’ என்ற இடத்தில் நின்றேன்” என்று எழுதினார். அவ்வளவுதான். தேங்கிய நீரில் எல்லாம் வானம் துண்டு துண்டாகத் தெரிவதை ரசித்து நின்றார் போலும் என்று அன்று இரவு முழுவதும் மகிழ்ந்திருந்தேன். மறுநாள் ரயிலில் விரல் விட்டு எண்ணியபோதுதான் தெரிந்தது: சில்லாக என்பது தேமாங்காய், காய் முன் நேர் வர வேண்டிய இடத்தில் ‘மழை’ என்று நிரை வந்திருக்கிறது. தளை தட்டுகிறது. ‘சில்லாய்’ என்று மாற்றினேன். தேமா முன் நிரை, சரியாக அமர்ந்தது.

வானம் உடைந்து வழியெங்கும் சில்லாய்
மழைவந்து போன தெரு.

மாற்றியதை அனுப்பி, “பிழைக்காக நின்றீர்களா ஐயா?” என்று கேட்டேன். “இரண்டுக்கும்தான் அம்மா. கண்ணாடி உடைந்த இடத்தில் கால் கூசத்தானே செய்யும்?” என்று பதில் வந்தது. ஒரு பாடலைப் படித்தவர் தாம் நின்ற இடத்தைச் சொன்னால் போதும். ஏன் நின்றார் என்பதை எழுதியவர் தேடிக்கொள்வார். குறை சொல்லும் ஏழு வரியைவிட அது என்னை அதிகம் எழுத வைத்தது. குழுவில் இப்போது இது வழக்குச் சொல்லாகிவிட்டது. யாரும் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பதில்லை; ‘எங்கே நின்றீர்கள்?’ என்றே கேட்கிறோம்.

அதே ஈற்றடிக்கு இன்னொரு மறுமொழியும் வந்தது. டிசம்பர் 4, திங்கள். மிக்ஜாம் புயலில் நகரம் மிதந்த நாள். அன்று ஈற்றடி கொடுக்க வேண்டியவர் வேளச்சேரியில் இருக்கும் அக்கா. அவரிடமிருந்து இரண்டு நாட்கள் ஒரு சத்தமும் இல்லை. மின்சாரமும் இல்லை, கைப்பேசிக் கோபுரங்களும் இல்லை. புதன்கிழமை மாலை அவரிடமிருந்து இது வந்தது:

கட்டில்மேல் பாத்திரம் கையில் குழந்தை
மழைவந்து போகாத் தெரு.

என் வானமும் சில்லும் அந்த இரண்டு அடிக்கு முன் நிற்கவில்லை. அவர் எனக்கு மறுப்பு எழுதவில்லை. என் பாடலைப் படித்துவிட்டு, தம் தெருவிலிருந்து பதில் எழுதினார். அழகாக எழுதிவிட்டோம் என்ற நிறைவில் இருந்த நான், அந்த ‘போகாத்’ என்ற சீரில் நின்றதைப் போல் வேறெங்கும் நின்றதில்லை. அன்று யாரும் தளை பார்க்கவில்லை. பால் பாக்கெட்டும் குடிநீரும் யாரிடமிருந்து யாருக்குப் போகும் என்ற பட்டியல்தான் குழுவில் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாள் கழித்து ஐயா எண்ணிப் பார்த்து, “ஒரு தளையும் தட்டவில்லை” என்று எழுதினார்.

இனி, எழுதத் தயங்கிய பகுதி. 2024இல் கல்லூரி முடிக்கும் வயதில் ஒரு தம்பி சேர்ந்தான். வெண்பா அவனுக்குப் புதிது. ஒருநாள் வாரத்து ஈற்றடிக்கு வெளியே, தனியாக நான்கு அடி அனுப்பினான். ஆட்டோ ஓட்டிய தந்தை இறந்து பதினொன்றாம் நாள் அது. பாடல் ‘அப்பா’ என்ற சொல்லில் முடிந்தது.

அப்பா என்பது நேர் நேர். அந்த நான்கு வாய்பாடுகளில் அடங்காததால் வெண்பாவின் ஈற்றில் அது நிற்காது. பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் அதைச் சொன்னோம். நான் மூன்றாவது. “கடைசியில் அப்பா என்று முடிக்க இயலாது தம்பி, வேறு சொல் பாருங்கள்” என்று எழுதினேன். அவன், “வேறு சொல் இல்லை அக்கா” என்று ஒரு வரி எழுதிவிட்டுக் குழுவிலிருந்து விலகினான். சற்று நேரம் கழித்து ஐயாவின் வரி வந்தது: “தம்பி, கடைசிச் சொல்லில் நின்றேன்.” அதைப் படிக்க அவன் அங்கே இல்லை.

இலக்கணப்படி நாங்கள் சொன்னது சரி. அந்தச் சரியை அந்த நாளில் சொன்னது பெரும் பிழை. எனக்கு அதில் இன்றும் ஐயமில்லை. மறுவாரமே ஒரு விதி கொண்டுவந்தோம்: பாடல் வந்த இரவில் யாப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது, விடிந்த பிறகு, அதுவும் எழுதியவர் கேட்டால், தனிச்செய்தியில். ஒன்றரை ஆண்டாக இது மீறப்படவில்லை. இந்த விதி இல்லாத குழுவில் சேர வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

இப்போது யாப்பைப் பார்க்க ஆளே தேவையில்லை என்றும் சொல்லலாம். அவலோகிதம் என்ற இணையக் கருவியில் பாடலை இட்டால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டிவிடுகிறது. புதிதாக எழுதுபவர்களுக்கு இது பெரிய வரம். பிழையைப் பலர் முன்னிலையில் கேட்க வேண்டிய கூச்சம் இல்லாமல் போயிற்று. எங்கள் பேச்சும் மாறியது. தளையை விட்டுவிட்டுச் சொல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். ஆனால் தளை எல்லாம் சரியாக இருந்தும் உயிரில்லாத வெண்பாக்கள் எங்களிடம் நிறையவே வந்தன. கருவி பச்சைக்கொடி காட்டியதும் நிறுத்திவிடும் பழக்கம் எல்லோரையும் பிடித்துக்கொண்டது, என்னையும் சேர்த்து.

அதை உடைத்தது வெள்ளிக்கிழமை வாசிப்பு. குரல் பதிவு செய்து அனுப்புவோம். தன் பாடலைத் தானே படிக்கக் கூடாது, அடுத்தவர் பாடலைத்தான் படிக்க வேண்டும். சீருக்காகச் சொல்லை நடுவில் அறுக்கும் வகையுளி கண்ணுக்கு உறுத்தாது. இன்னொருவர் வாயில் அது முள்ளாகக் குத்தும். என் பாடல் ஒன்றை வேளச்சேரி அக்கா படித்தபோது மூன்றாவது அடியில் அவர் மூச்சு தடுமாறியதைக் கேட்டேன். அன்றே அந்த அடியைத் தூக்கி எறிந்துவிட்டேன். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒவ்வொரு குழுவும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடையில் ஒருமுறை எங்கள் குழுவில் 140 பேர் இருந்தார்கள். அது மோசமான காலம். ஒருநாளில் நாற்பது பாடல் வந்தால் யார் படிப்பது? எல்லோரும் போட்டார்கள், யாரும் நிற்கவில்லை. பிறகு கிளைகளாகப் பிரிந்தோம். எங்கள் கிளையில் 17 பேர். ஒருவர் தன் பாடலைப் போடும் முன் வேறு இருவர் பாடலில் நின்ற இடத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இதில் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. புதுக்கவிதைக்கே திரும்பிப் போன இருவர் இன்றும் நண்பர்களாக இருக்கிறார்கள்.

பெயர் உதிர்ந்து போவது ஒரு வலி. மேலே உள்ள ‘சில்லாய்’ குறள், மழைப் படம் ஒன்றின் மேல் ஏறி, எழுதியவர் பெயரில்லாமல், என் சித்தியிடமிருந்தே எனக்கு வந்தது. “நன்றாக இருக்கிறதல்லவா?” என்று கேட்டிருந்தார். நான் எழுதியது என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. பாடலின் கீழே எப்போதும் பெயரை இடுங்கள். அதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

செலவு? பணம் இல்லை. நாளுக்கு முக்கால் மணி நேரம் போகிறது, அதில் பாதி மற்றவர்களைப் படிக்க. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் ஒருமுறை சந்தித்துக்கொள்கிறோம். முதல் சந்திப்பில் ஐயா என் கையைப் பிடித்து, “சில்லாய் அம்மாவா?” என்றார். இதுவரை எழுதியவை நூற்றுக்குச் சற்று மேல். வைத்துக்கொள்ளத் தக்கவை பதினைந்து இருக்கும். இவை எதுவும் தனியாக இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அந்தத் தம்பிக்கு ஒரு மாதம் கழித்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நெடுநாள் பதில் இல்லை. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நான்கு வரி அனுப்பினான். வெண்பா இல்லை, எந்தப் பாவும் இல்லை. அதன் பிறகு அவ்வப்போது அனுப்புகிறான், எனக்கு மட்டும். குழுவுக்கு வா என்று நான் கேட்கவில்லை. சென்ற வாரம் வந்தது, விற்றுவிட்ட ஆட்டோவைப் பற்றி. வாங்கியவர் வண்டியை ஓட்டிச் செல்லும்போது மீட்டர் இன்னும் அணையாமல் இருந்தது என்று ஒரு வரி.

“மீட்டரில் நின்றேன்” என்று எழுதினேன்.

“பிழையா அக்கா?”

“இல்லை தம்பி. அதில் எவ்வளவு காட்டியது?”

அன்று பதில் வரவில்லை. மறுநாள் காலை பெரம்பூரில் ரயில் ஏறும்போது ஐந்தாவது வரி வந்திருந்தது.